மடக்குச் சைக்கிளின் வரலாறு

மனிதன் தன் காலின் வலிமையைக் கொண்டே தன்னைச் சுமந்து செல்லுமாறு அமைத்துக்கொண்ட வண்டி சைக்கிள். அதற்குத் தீனி வேண்டுவதில்லை, பெட்ரோல் வேண்டுவதில்லை, ஓட்டுவதற்கு ஓர் ஆளை அமர்த்த வேண்டுவதில்லை. ஆயினும் அதற்கு ஒரு குறை உண்டு. ஓடும்போது நம்மைச் சுமக்கின்ற சைக்கிள், நின்றவுடன் நமக்குச் சுமையாகி விடுகிறது. ரயிலில் ஏறுவோர் அதனை நிலையத்தின் வாயிலிலேயே விட்டுச் செல்ல வேண்டும். மூன்றாம் மாடியில் ஓர் அறையில் குடியிருப்போர் அதனைத் தெருவிலே பூட்டிவிட்டு, இரவில் இரண்டு முறை எழுந்து சன்னல் வழியே எட்டிப் பார்க்க வேண்டும். அலுவலகத்தின் உள்ளே அதற்கு இடமில்லை; பஸ்ஸின் உள்ளே அதற்கு அனுமதியில்லை.

சொந்த ஊரை விட்டு வெளி மாநிலங்களில் வாழும் நமக்கு இக்குறை சற்று மிகுதியாகவே தெரியும். மும்பையாயினும் டில்லியாயினும், கொல்கத்தாவாயினும் பெங்களூராயினும், ரயில் நிலையத்தை நெருங்க நெருங்க வீட்டு வாடகை ஏறுகிறது. விலக விலக இறங்குகிறது. நம்மிற் பலர் விலகித்தான் குடியிருக்கிறோம். முப்பது நாற்பது கிலோமீட்டரை ரயில் எளிதாகக் கடத்திவிடுகிறது. வீட்டிற்கும் நிலையத்திற்கும் இடையேயுள்ள மூன்று கிலோமீட்டரும், இறங்கும் நிலையத்திற்கும் வேலைத் தலத்திற்கும் இடையேயுள்ள இரண்டு கிலோமீட்டருமே நம் காலையும் காசையும் கரைக்கின்றன. இச்சிறு தூரத்தைக் கடப்பதற்குச் சைக்கிளைப் போன்று தக்கது வேறில்லை. ஆனால் இரண்டு முனைகளிலும் உடன் இருக்க வேண்டிய அச்சைக்கிளை, இடையிலுள்ள ரயிலில் ஏற்றுவது எங்ஙனம்?

அதனை மடக்கிக் கையில் எடுத்துச் செல்லலாமே என்னும் எண்ணம் இன்று நேற்றுத் தோன்றியதன்று. நூற்று நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பல நாட்டுப் பொறியாளர்கள் இதற்கு விடை தேடி வந்துள்ளனர். அவ்விடைகளே இன்று பல்வேறு மார்க்குகளாக விற்பனையாகின்றன. அவற்றை ஒப்பிட்டுப் பார்ப்போர் பெரும்பாலும் எடை என்ன, விலை என்ன, எத்தனை நொடிகளில் மடங்கும் என்று கேட்பர். இவை வேண்டிய கேள்விகளே. எனினும் அவற்றிற்கு முன்னர்க் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. மடக்கிய பின் அதனை எங்கே வைப்பதாக அதை அமைத்தவர் எண்ணினார்? இக்கேள்வியைக் கையிற்கொண்டு வரலாற்றினுள் புகுந்தால், ஒவ்வொரு சைக்கிளின் உருவமும் ஏன் அவ்வாறு ஆயிற்று என்பது தானே விளங்கும்.

மடக்குக் கத்தியும் மடக்கு நாற்காலியும் மடக்குக் கட்டிலும் நம் வீடுகளில் நெடுங்காலமாக உள்ளவை. நாற்காலி ஓரிடத்தில் நின்று பாரத்தைத் தாங்கினாற் போதும். சைக்கிளோ ஓடிக்கொண்டே தாங்க வேண்டும். பள்ளத்தில் விழுந்து எழ வேண்டும். மிதிக்கும் ஒவ்வொரு மிதிக்கும் இடமும் வலமும் முறுக்கப்படுவதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். இவற்றையெல்லாம் பொறுப்பது அதன் சட்டம், அதாவது கடைக்காரர் பிரேம் என்று சொல்லும் பகுதி. 1885இல் இங்கிலாந்தின் கோவென்ட்ரி நகரில் ஜான் கெம்ப் ஸ்டார்லி வெளியிட்ட ரோவர் என்னும் சைக்கிளை அடியொற்றி, இரண்டு முக்கோணங்களை முதுகோடு முதுகாகச் சேர்த்தாற்போன்ற பிரேம் சில ஆண்டுகளில் நிலைபெற்றது. முக்கோணம் எளிதில் உருக்குலையாது. அதன் மூன்று குழாய்களுள் ஒன்று வளைந்தாலோ முறிந்தாலோ அன்றி அது தன் வடிவத்தை விடாது. மெல்லிய குழாய்களால் ஆன சைக்கிள் ஒரு மனிதனையும் ஒரு மூட்டை அரிசியையும் தாங்குவது இதனாலேதான். மடக்க விரும்புவோன் முதலில் அறுக்க வேண்டியதும் இம்முக்கோணத்தையே. ஆதலின் மடக்குச் சைக்கிளின் வரலாறு முழுவதும், அறுத்த இடத்தில் இழந்த வலிமையை வேறு எவ்வகையில் மீட்பது என்னும் முயற்சியின் வரலாறேயாகும்.

ரோவர் தோன்றுவதற்கு முன்பே இம்முயற்சி தொடங்கிவிட்டது. முன்சக்கரம் ஆள் மார்பளவு உயரமும் பின்சக்கரம் முழங்கால் அளவுமாக இருந்த பழைய சைக்கிளின் காலத்தில், 1878இல், லண்டனைச் சேர்ந்த வில்லியம் கிரௌட் என்பவர் முன்சக்கரத்தைப் பல துண்டுகளாகக் கழற்றிப் பெட்டியில் அடைக்கும் வண்ணம் ஒன்றை அமைத்தார். இதனை மடக்குவது என்பதைவிடப் பிரித்துக் கட்டுவது என்பதே பொருந்தும். பின்னர் அமெரிக்காவில் எம்மிட் லாட்டா என்பவர் நடுவே மடங்கும் சைக்கிள் ஒன்றிற்கு 1888இல் காப்புரிமை பெற்றார். அதே 1888இல்தான் பெல்பாஸ்ட் நகரத்து டன்லப் காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை பெற்றார் என்பதை நினைவிற்கொண்டால், சைக்கிள் இன்றைய உருவத்தை அடைந்துகொண்டிருந்தபோதே அதனை மடக்கும் ஆசையும் உடன் பிறந்துவிட்டது என்பது தெளிவாகும்.

ஆசையைத் தொழிலாக்கியது போர்ப்படை. பிரெஞ்சு ராணுவத்தில் அதிகாரியாக இருந்த ஜெரார் என்பவரும், கிரனோபிள் நகரை அடுத்த டொமேன் என்னும் ஊரில் தொழில் நடத்திவந்த சார்ல் மொரெல் என்பவரும் கூடி, 1890களின் நடுவில், நடுக்கீலில் மடங்கும் ராணுவச் சைக்கிளைத் தயாரித்தனர். சாலை உள்ளவரை வீரன் சைக்கிளின்மேல் செல்வான். சாலை முடிந்து வயலும் ஓடையும் குறுக்கிட்டால் சைக்கிள் வீரனின்மேல் செல்லும். மடக்கிய பின் வைக்கும் இடம் வீரனின் முதுகு. ஆகவே பிரேமின் நடுவில் ஒரு கீல், இரு சக்கரங்களும் அருகருகே வந்து பொருந்தும் அமைப்பு, தோளில் மாட்டுவதற்கு வார் என்று எல்லாம் முதுகை நோக்கியே அமைந்தன. முதல் உலகப் போரின்போது, 1915இல், இத்தாலியின் பியாங்கி கம்பெனியும் அந்நாட்டு பெர்சாலியெரி படையினருக்கென மடங்கும் சைக்கிளைச் செய்து கொடுத்தது.

இரண்டாம் உலகப் போரில் வீரனின் முதுகுக்கு வானமும் சேர்ந்தது. பர்மிங்காம் சிறு ஆயுதக் கம்பெனி, அதாவது நாம் பி.எஸ்.ஏ. என்று அறியும் கம்பெனி, பாரசூட் வீரர்களுக்கென ஒரு மடக்குச் சைக்கிளைத் தயாரித்தது. மேலும் கீழுமாக இரு குழாய்கள் முன்னிருந்து பின்வரை வில்லாக வளைந்து செல்ல, நடுவில் ஒவ்வொன்றிலும் ஒரு கீல். அக்கீலைக் கையாலேயே திருகி இறுக்குவதற்குச் சிறகு வடிவ மரை. கால் வைக்கும் பெடலுக்குப் பதிலாக, உள்ளே தள்ளிவிடக்கூடிய வெறுங்கம்பி. வானிலிருந்து இறங்கும்போது ஹாண்டில்பாரும் சீட்டுமே முதலில் தரையில் மோதும்படி கட்டினர். சீட்டு நசுங்கினால் வண்டி ஓடும். சக்கரம் நெளிந்தால் ஓடாது. இத்தகைய சைக்கிள்கள் 60,000க்கு மேல் செய்யப்பட்டன. 1944 ஜூனில் நார்மண்டிக் கடற்கரையில் கப்பலிலிருந்து இறங்கிய படையினரிற் சிலர் இவற்றைத் தோளில் தூக்கியவாறு நீரில் நடந்ததைப் புகைப்படங்களில் இன்றும் காணலாம்.

பி.எஸ்.ஏ. என்னும் இப்பெயர் தமிழ்நாட்டிலும் பின்னர் வேரூன்றியது. 1949இல் முருகப்பா குழுமத்தாரும் பிரிட்டனின் டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸ் கம்பெனியாரும் கூடித் தோற்றுவித்த டி.ஐ. சைக்கிள்ஸ், சென்னையை அடுத்த அம்பத்தூரில் தொழிற்சாலை நிறுவி ஹெர்குலிஸ் முதலிய சைக்கிள்களைத் தயாரித்தது, பிற்காலத்தில் பி.எஸ்.ஏ. என்னும் பெயரும் அதற்கு வந்து சேர்ந்தது. நம் ஊர்ச் சிறுவரும் சிறுமியரும் பள்ளிக்கு ஓட்டிச் சென்ற சைக்கிளின் பெயர், துப்பாக்கி செய்தவர்கள் தம் கம்பெனிக்கு இட்ட பெயர் என்பதை எண்ணிப் பார்த்தவர் சிலரே.

போர் முடிந்து மக்கள் கார் வாங்கத் தொடங்கியபோது, மடக்குச் சைக்கிளுக்கு வேறோர் இடம் கிடைத்தது. அது காரின் பின்பெட்டி. 1964இல் இத்தாலியில் விட்டோரியோ வெனெட்டோ நகரத்துக் கார்னியெல்லி தொழிற்சாலை, ரினால்டோ டொன்செல்லி வரைந்த கிராசியெல்லா என்னும் சைக்கிளை வெளியிட்டது. சேலையோ பாவாடையோ அணிந்த பெண்கள் சைக்கிள் ஏறுவதற்கு மேற்குழாய் எத்துணை இடையூறு என்பதை நாம் அறிவோம். கிராசியெல்லாவில் மேற்குழாயே இல்லை. சிறிய சக்கரங்கள், தாழ்வான ஒற்றைக் குழாய், அதன் நடுவில் ஒரு கீல், எளிதிற் கழற்றத்தக்க சீட்டும் ஹாண்டில்பாரும் கொண்ட அது, விடுமுறைக்குக் காரில் செல்லும் குடும்பத்திற்கென ஏற்பட்டது. வேகமாகவோ நெடுந்தூரமோ ஓட்டுவதற்கு அது அமைந்ததன்று. அவ்வாறு அமைக்கவும் எவரும் கருதவில்லை.

ஏறக்குறைய அதே காலத்தில் இங்கிலாந்தில் சிறு சக்கரத்தைப் பற்றிய எண்ணமே மாறியது. ரப்பர்ப் பொறியியலில் வல்லவரும், மினி காரின் ரப்பர் அதிர்வுதாங்கியை உருவாக்கியவருமான அலெக்ஸ் மோல்டன், 1956இல் சூயஸ் நெருக்கடியால் பெட்ரோலுக்குப் பங்கீடு வந்தபோது சைக்கிளை ஆராயத் தலைப்பட்டார். சிறு சக்கரம் குழந்தைகளுக்கே உரியது என்னும் கருத்தை அவர் ஏற்கவில்லை. 1962இல் அவர் வெளியிட்ட சைக்கிளில் 16 அங்குலச் சக்கரங்கள், மிகுந்த காற்றழுத்தம் தாங்கும் டயர்கள், முன்னும் பின்னும் ரப்பரால் ஆன அதிர்வுதாங்கி ஆகியவை இருந்தன. இது பெரும்பாலும் மடங்காத சைக்கிளே. இரண்டாகப் பிரிக்கத்தக்க வகை ஒன்றும் உண்டு. எனினும் பின்வந்த மடக்குச் சைக்கிள்கள் யாவும் இதற்குக் கடன்பட்டவை.

இங்குச் சிறு சக்கரத்தின் தன்மையைச் சிறிது விளக்குதல் வேண்டும். நம் ஊர்ப் பெரிய சைக்கிளின் 28 அங்குலச் சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றினால் ஏறத்தாழ 2.2 மீட்டர் செல்லும். 16 அங்குலச் சக்கரம் ஏறத்தாழ 1.3 மீட்டரே செல்லும். அப்படியானால் சிறு சக்கரத்தில் செல்வோன் ஓயாமல் மிதிக்க வேண்டுமே என்று ஐயுறுவோர் பலர். அவ்வாறு வேண்டுவதில்லை. பெடலோடு இணைந்த பல்சக்கரத்தைப் பெரிதாக்கிவிட்டால், ஒரு மிதிக்குப் பின்சக்கரம் கூடுதலாகச் சுற்றும், கணக்குச் சரியாகிவிடும். மேலும் குட்டையான போக்ஸ் கம்பிகளால் சிறு சக்கரம் உறுதியாகவும் அமையும். அதன் மெய்யான குறை வேறு. பெரிய சக்கரம் மேலே உருண்டு கடந்துவிடும் குழியில் சிறு சக்கரம் இறங்கி ஏறுகிறது. அந்த அதிர்ச்சி ஓட்டுபவரின் முதுகெலும்பைச் சேர்கிறது. அதனாலேதான் மோல்டன் ரப்பரை வைத்தார்.

மோல்டன் முதலில் தம் வடிவத்தை ராலே கம்பெனியிடம் கொண்டுசென்றார், அவர்கள் ஏற்கவில்லை. அவர் தாமே தயாரித்து வெற்றி கண்டபின், 1965இல் ராலே தன் சொந்தச் சிறுசக்கரச் சைக்கிளை வெளியிட்டது. அதில் அதிர்வுதாங்கி இல்லை. அதற்குப் பதிலாகக் காற்றழுத்தம் குறைந்த தடித்த டயர்கள் இருந்தன. அதிர்ச்சி குறைந்தது, ஆனால் வண்டி நகர மறுத்தது. தளர்ந்த டயரில் மிதிப்பது எவ்வளவு கடினம் என்பது காற்றிறங்கிய சைக்கிளை ஓட்டிய எவருக்கும் தெரியும். 1967இல் ராலே மோல்டனின் சைக்கிள் தொழிலையே விலைக்கு வாங்கியது. உருவத்தைப் பின்பற்றிக் காரணத்தை விட்டுவிட்டால் என்ன நேரும் என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு. இன்று மலிவு விலையில் கிடைக்கும் பல மடக்குச் சைக்கிள்களை வாங்கும்போதும் இதனை நாம் மறத்தலாகாது.

1970களின் தொடக்கத்தில் விமானத் தொழிலில் பழகிய ஹாரி பிக்கர்டன் என்னும் ஆங்கிலப் பொறியாளர், அலுமினியத்தால் ஆன மிக இலேசான மடக்குச் சைக்கிளை அமைத்தார். தூக்குவதற்கு அது எளிது. ஆனால் மேட்டில் அழுத்தி மிதித்தால் நெளிந்து கொடுக்கும். 1975இல் அதனைக் கண்ட ஆண்ட்ரூ ரிச்சி என்னும் இளைஞர், இதனினும் நன்றாகச் செய்யலாமே என்று கருதினார். கேம்பிரிட்ஜில் பொறியியல் பயின்ற அவர் அப்போது தோட்டங்கள் அமைக்கும் வேலை செய்துவந்தார். லண்டன் சௌத் கென்சிங்டனில் அவர் குடியிருந்த அறையின் சன்னலிலிருந்து பிராம்ப்டன் ஆரட்டரி என்னும் தேவாலயம் தெரியும். அதன் பெயரையே தம் சைக்கிளுக்கு இட்டார்.

பிராம்ப்டனின் நுட்பம் யாது? பிறர் பிரேமை நடுவில் மடக்கி, பின்பாதியின் பக்கத்தில் முன்பாதியைச் சேர்த்தனர். ரிச்சி முதலில் பின்சக்கரத்தைப் பிரேமின் அடியில் முன்னோக்கி உருட்டி விட்டார். அதன்பின் முன்சக்கரத்தைப் பக்கவாட்டில் மடித்துப் பின்சக்கரத்தின் அருகே கொணர்ந்தார். ஹாண்டில்பார் கீழே மடங்குகிறது. சீட்டின் தண்டு இறங்கியதும் முழுக் கட்டும் பிரியாதபடி பூட்டிக்கொள்கிறது. எண்ணெய்ப் பிசுக்குள்ள செயின் இரு சக்கரங்களுக்கும் நடுவே மறைந்துவிடுவதால், உடுத்த வேட்டியிலோ சட்டையிலோ கறை படிவதில்லை. பின்சக்கரம் மடங்குவதற்கென வைத்த கீலே, ஒரு ரப்பர்க் கட்டையின் உதவியால் அதிர்வுதாங்கியாகவும் வேலை செய்கிறது. மடக்கிய அளவு ஏறத்தாழ 58 சென்டிமீட்டர் நீளம், 56 சென்டிமீட்டர் உயரம், 27 சென்டிமீட்டர் அகலம். மடக்கிய பின் வைக்கும் இடம் ரயிலில் இருக்கையின் அருகு, அலுவலகத்தில் மேசையின் அடி. இரண்டு சென்டிமீட்டர் கூடினாலும் அவ்விடம் கொள்ளாது என்னும் எண்ணமே இதன் ஒவ்வொரு பகுதியையும் வரைந்தது.

இத்தகைய வடிவத்தையும் வாங்கித் தயாரிக்கப் பெரிய கம்பெனிகள் முன்வரவில்லை. முப்பது பேரிடம் தலைக்கு 250 பவுன் முன்பணம் பெற்று ரிச்சி முதற்றொகுதியைச் செய்து கொடுத்தார். இடையில் தொழில் நின்றும் போயிற்று. 1988 அளவில், லண்டன் பிரென்ட்போர்டில் ரயில் பாலத்தின் வளைவு ஒன்றின் அடியில் முறையான தயாரிப்புத் தொடங்கியது. முதல் மாதிரியிலிருந்து அதுவரை கழிந்தவை பன்னிரண்டு ஆண்டுகள். அக்கம்பெனி 2016இல் கிரீன்போர்டுக்கு இடம் மாறியது. 2022இல் தன் பத்து இலட்சமாவது சைக்கிளைச் செய்தது. அதன் எஃகுப் பிரேம்களைப் பித்தளை உருக்கிக் கையாலேயே பற்றவைக்கின்றனர். பற்றவைத்த தொழிலாளி ஒவ்வொருவரும் தம் அடையாள முத்திரையை அதில் பொறிக்கின்றனர்.

பிராம்ப்டனுக்கு ஈடாகச் சொல்லத்தக்க மற்றொரு பெரிய மார்க்கு டாஹான். இதனைத் தோற்றுவித்த டேவிட் ஹான், அமெரிக்காவில் ஹியூஸ் விமானக் கம்பெனியில் லேசர்க் கதிர் ஆராய்ச்சி செய்துவந்த பௌதிக அறிஞர். 1970களின் எண்ணெய் நெருக்கடியில் பெட்ரோல் நிலையங்களின் முன் கார்கள் வரிசையாகக் காத்துக்கிடந்ததைக் கண்டு மடக்குச் சைக்கிளில் மனத்தைச் செலுத்தினார். 1982இல் கம்பெனியை நிறுவி, தைவானில் தொழிற்சாலை அமைத்தார். டாஹான் முறை நடுக்கீல் முறை. ஜெராரின் பரம்பரை எனலாம். பிரேமின் நடுவில் ஒரு வலிய கீல், ஹாண்டில்பாரின் தண்டில் ஒரு கீல், இவ்விரண்டுமே அதன் சாரம். பெரும்பாலானவை 20 அங்குலச் சக்கரம் கொண்டவை. மடக்கினால் பிராம்ப்டனைவிடப் பருமன் கூடுதல். விரித்தால் ஓட்டம் சற்று நிதானம். விலை பல வகைகளில் குறைவு. 2011இல் டேவிட் ஹானின் மனைவியும் மகனும் பிரிந்து டெர்ன் என்னும் மார்க்கைத் தொடங்கினர். அதுவும் பெரும்பாலும் இதே மரபினது.

இவ்விரு பெருவழிகளினின்றும் விலகிச் சென்றோரும் உளர். மார்க் சாண்டர்ஸ் 1980களின் நடுவில் லண்டனில் மாணவராக இருந்தபோது வரைந்த ஸ்டிரைடா, மூன்று நீண்ட குழாய்களால் ஆன ஒரு முக்கோணம். மடக்கினால் அது பொட்டலமாவதில்லை. ஊன்றுகோல் போல் நீண்டு, கீழே இரு சக்கரங்களோடு, தள்ளிக்கொண்டே செல்லத்தக்கதாகிறது. செயினுக்குப் பதில் பட்டை ஓடுவதால் எண்ணெயும் வேண்டுவதில்லை. மடக்கிய பின் தூக்க வேண்டும் என்று மற்றவர் எண்ண, ஏன் தூக்க வேண்டும் என்று சாண்டர்ஸ் கேட்டார். ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் நகரத்து ரீசே, முல்லர் என்னும் இருவர் 1990களில் அமைத்த பெர்டி சைக்கிளில், அதிர்வுதாங்கியின் கீல்களே மடக்கும் கீல்களாகவும் உதவுகின்றன; பிரேமை அறுக்க வேண்டிய தேவையே எழவில்லை. அமெரிக்காவில் ஆரிகன் மாநிலத்து யூஜீன் நகரில் ஷோல்ஸ் சகோதரர்கள் 1992இல் தொடங்கிய பைக் பிரைடே, விமானத்தில் ஏற்றும் சூட்கேசினுள் அடங்குவது. சில நிமிடங்கள் செலவிட்டுப் பிரித்து அடுக்க வேண்டும். ஆனால் விரித்த பின் நெடும்பயணத்திற்கு ஏற்றது. நாள்தோறும் நான்கு முறை மடக்குவோனுக்கு நிமிடம் பெரிது. ஆண்டுக்கு இரு முறை விமானம் ஏறுவோனுக்கு நிமிடம் பெரிதன்று.

இவ்வாறு நோக்கின், எந்த மார்க்குச் சிறந்தது என்னும் கேள்விக்குத் தனித்த விடை இல்லை என்பது புலனாகும். வீரனின் முதுகு, காரின் பின்பெட்டி, ரயில் இருக்கையின் அருகு, விமானத்தின் சூட்கேஸ் என்று வைக்கும் இடம் மாற மாற, கீலின் இடமும் சக்கரத்தின் அளவும் மாறின. ஒன்றில் பெற்றதற்கு மற்றொன்றில் கொடுத்தே ஆக வேண்டும். சிறிதாக மடங்குவது குழியில் அதிரும், நிதானமாக ஓடுவது கதவை அடைக்கும், இலேசானது நெளியும், உறுதியானது தோளை அழுத்தும். அண்மைக் காலத்தில் மின் மோட்டார் பொருத்திய வகைகளும் வந்துள்ளன; அவை மேட்டில் காலுக்கு உதவுகின்றன, மாடிப்படியில் கைக்குப் பாரமாகின்றன.

பிராம்ப்டனின் காப்புரிமைக் காலம் முடிந்தபின், அதனைப் போன்றே மடங்கும் சைக்கிள்கள் ஆசியாவிலிருந்து வந்தன. பயனுக்காக அமைந்த ஓர் உருவத்திற்குக் கலைப்படைப்பைப் போன்று பதிப்புரிமை உண்டா என்னும் வழக்கு பெல்ஜிய நாட்டிலிருந்து ஐரோப்பிய நீதிமன்றத்திற்குச் சென்றது. 2020 ஜூன் 11இல் அந்நீதிமன்றம் அளித்த விடை ஆழ்ந்து நோக்கத்தக்கது. பயன் கருதி அமைந்த உருவமாயினும், அமைத்தவரின் சுதந்திரமான தேர்வுகள் அதில் வெளிப்பட்டு அது அவருடைய சொந்தப் படைப்பாக விளங்குமாயின், அதற்குப் பதிப்புரிமை பொருந்தலாம். பயன் ஒன்றே அவ்வுருவத்தை முற்றும் வரையறுத்திருந்தால் பொருந்தாது. பல வழிகள் இருக்க ஒரு வழியைத் தேர்ந்தவனின் மனம் அப்பொருளில் தங்குகிறது என்பதே இதன் கருத்து.

இனி நம் நாட்டுக்கு வருவோம். 2020 நவம்பரில் பெங்களூர் மெட்ரோ நிர்வாகம் மடக்குச் சைக்கிளை ரயிலினுள் கொண்டுசெல்ல அனுமதித்தது. அந்நகரில் வாழும் தமிழர் பலருக்கு இது பயன்படக்கூடும். அத்தகையோர் வாங்குமுன் சிலவற்றை ஆராய்தல் நலம். கீலை இறுக்கிய பின் ஹாண்டில்பாரை முன்னும் பின்னும் அசைத்துப் பார்க்க வேண்டும். அங்கே ஆட்டம் இருந்தால் விலை எவ்வளவு குறைவாயினும் விட்டுவிட வேண்டும். மடக்கியதைத் தூக்கிக்கொண்டு ஒரு மாடி ஏறிப் பார்க்க வேண்டும். டயரின் அளவையும் கேட்டறிய வேண்டும். 16 அங்குலம் என்று ஒரே பெயரில் வழங்கும் டயர்களில் அளவு வேறுபாடு உண்டு. சிறுவர் சைக்கிளின் 16 அங்குல ரிம் 305 மில்லிமீட்டர். பிராம்ப்டனின் ரிம் 349 மில்லிமீட்டர். ஒன்றின் டயர் மற்றொன்றில் ஏறாது. 406 மில்லிமீட்டர் ரிம் கொண்ட 20 அங்குல வகைக்கு நம் தெருமுனைச் சைக்கிள் கடையிலும் டயர் கிடைக்கும் வாய்ப்பு மிகுதி. பழுதானால் பார்ப்பதற்கு ஆள் உண்டா என்பதும் வடிவத்தில் ஒரு பகுதியே.

எனினும், நல்ல மடக்குச் சைக்கிளின் விலை சாதாரணச் சைக்கிளின் விலையைப் போன்று பல மடங்கு. மூன்று கிலோமீட்டரை நடந்தே கடக்கின்ற கூலித் தொழிலாளிக்கு அது எட்டாது. ஆகவே இச்சிக்கலுக்கு வேறு விடைகளும் உண்டு என்பதை நினைத்தல் வேண்டும். மும்பையின் டப்பாவாலாக்கள் சைக்கிளை மடக்குவதில்லை. வீட்டிலிருந்து நிலையம் வரை ஒருவர் சைக்கிளில் கொணர்ந்த சாப்பாட்டு டப்பா ரயிலில் செல்கிறது. இறங்கும் நிலையத்தில் வேறொருவர் வேறொரு சைக்கிளுடன் நிற்கிறார். ஒரு சைக்கிள் செய்ய இயலாததை மனிதரின் கூட்டுறவு செய்துவிடுகிறது. ஹாலந்தில் உட்ரெக்ட் நகர ரயில் நிலையத்தின் அடியில் 12,500 சைக்கிள்களை நிறுத்தும் இடத்தை 2019இல் கட்டி முடித்தனர். அந்நாட்டு நிலையங்களில் வாடகைச் சைக்கிளும் கிடைக்கிறது. இறங்கிய இடத்தில் ஒரு சைக்கிள் காத்திருக்குமானால், கையில் ஒன்றைச் சுமக்க வேண்டுவதில்லை.

கிரௌட் முதல் ரிச்சி வரை இவர்கள் செய்தவற்றை நாம் வியந்து போற்றுகிறோம். இடம் இல்லாத உலகில், இடம் கேளாத ஒரு வண்டியை அமைத்தவர்கள் அவர்கள். ஆனால் அவர்களுடைய நுட்பத்தைப் போற்றும்போதே, இடம் ஏன் இல்லை என்று கேட்பதும் நம் கடமை. மடக்குச் சைக்கிள், தனி மனிதன் தன் காசில் தானே தேடிக்கொண்ட தீர்வு. நிலையத்தின் வாயிலில் காவலுடன் கூடிய ஒரு கொட்டகை, குடியிருப்பின் கீழே பூட்டத்தக்க ஒரு மூலை, சாலையின் ஓரத்தில் ஒரு தடம் ஆகியவை நகரம் தன் குடிகளுக்குச் செய்து தரவேண்டிய தீர்வு. பிற மாநிலத்து நகரங்களில் நாம் வாடகை கொடுக்கிறோம், வரி செலுத்துகிறோம், நம் உழைப்பையும் தருகிறோம். சைக்கிள் ஒன்றை நிறுத்துவதற்கு மூன்று முழ இடம் கேட்பது மிகையன்று. அவ்விடம் கிடைக்கும் வரை மடக்கக் கற்றுக்கொள்வோம். மடக்கிய கையோடு கேட்கவும் கற்றுக்கொள்வோம்.